துவக்குக் கேஸ்

மொன்றியல்,
ஐப்பசி 19

அன்பின் மச்சாளுக்கு,

நாங்கள் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அப்படி எழுதலாமா என்று இப்போது தெரியவில்லை. பக்கத்து வீட்டு றொஷினி ஊருக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வட்ஸ்அப்பில் கதைத்தால் இவர், உங்கள் தம்பி, பக்கத்திலேயே நிற்பார். நீங்கள் கேட்ட பிரஷர் பார்க்கும் மெஷினும் அவளிடம் இருக்கிறது.

சித்திரையில் லொங்குய்யில் எங்கள் கடைக்குள் இரண்டு பேர் கத்தியோடு வந்ததை உங்களுக்குச் சொல்லவில்லை. சிகரெட்டையும் கல்லாவில் இருந்ததையும் கொண்டு போனார்கள். இவருக்கு ஒரு கீறலும் இல்லை. பிறகு எவனோ போன் எடுத்து, பொலிசுக்குப் போனால் திரும்பி வருவேன் என்றானாம்.

அன்றிலிருந்து இவருக்கு ஒரே பிடி. இடுப்பில் மறைத்துக் கொண்டு திரிய பிஸ்டல் மாதிரி ஒரு கைத்துவக்கு வேண்டுமாம். இங்கே துவக்கு வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். கொண்டு திரிய அதற்கு மேல் வேறோர் அனுமதி. உயிருக்கு ஆபத்து, பொலிசாலும் காப்பாற்ற முடியாது என்று காட்டவேண்டும். பக்கத்துக் கடை அருமைராசா அண்ணை, அது ஒருவருக்கும் கிடைக்காது என்றார். “அகதிக் கேசுக்கும் இப்பிடித்தான் சொன்னவங்கள், எனக்குக் கிடைக்கேல்லையோ?” என்று இவர் கேட்டார்.

எனக்குத்தான் தலை சுற்றுகிறது. துவக்குக்குப் பயந்து ஓடிவந்தோம் என்று சொல்லி உள்ளே வந்தவர்கள், இப்போது ஒரு துவக்குத் தாருங்கள் என்று நிற்கிறோம். பழைய பைலையும் புதிய பைலையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

அதில் இன்னொரு கூத்து. அந்த நாளில் எங்கள் அகதிக் கேசை எழுதித் தந்த மகேந்திரராசா மாஸ்ரரிடமே இதற்கும் போனார். மாஸ்ரருக்குத் தெரிந்தது ஒரே எழுத்துத்தான். நித்திரை இல்லை, சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது, ஒருவரையும் நம்ப முடியவில்லை, செத்தவர்கள் கண்ணுக்குள் நிற்கிறார்கள் என்று உருக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டார். அகதிக்கு அது சரி. துவக்குக் கேட்கிற மனுசன் அப்படி எழுதலாமா மச்சாள்? தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்ட கதைதான்.

லைசென்ஸ் கந்தோரில் இருந்து ஒரு பெண் எனக்குப் போன் எடுத்தாள். மனைவியிடமும் விசாரிப்பார்களாம். நல்ல மரியாதையாக, மெதுவான பிரெஞ்சில், இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வியாழக்கிழமை திரும்ப எடுப்பாள்.

இவரிடம் கேட்டால், “கேசெண்டால் கூட்டித்தான் எழுதவேணும். எனக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லு” என்கிறார். நான் பொய் என்றால், பொய் எழுதிக் கொடுத்த குற்றம் இவர் தலையில். உண்மை என்றால் துவக்கு இல்லை, கட்டின பெண்சாதியே காட்டிக் கொடுத்தாள் என்று ஆகிவிடும். ஆமி முகாமில் கிடந்து வந்தவருக்கு அந்தச் சொல் எவ்வளவு பாரம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் மச்சாள், மாஸ்ரர் ஒன்றையும் கூட்டி எழுதவில்லை. போன கிழமை ஆர்த்திகா வேலையால் வந்து, அப்பாவுக்குப் பகிடி விடப் பின்னால் போய்த் தோளில் கை வைத்தாள். இவர் திரும்பிய வேகத்தில் பிள்ளையின் கழுத்தைப் பிடித்துவிட்டார். அவள் “அப்பா” என்று கத்திய பிறகுதான் கையை விட்டார். பிறகு குசினிக்குள் போயிருந்து அழுதார். கார்டெரியில் அவள் பராமரிக்கிற சின்னப் பிள்ளைகள் கழுத்திலுள்ள விரல் அடையாளத்தைக் கேட்பார்கள் என்று அவள் இன்னும் சால்வை சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். அன்று இவர் இடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அதற்கு மேல் யோசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த முகாமில் இருந்து விட்ட பிறகு நீங்கள்தானே இவரைப் பார்த்தீர்கள். அப்போதும் இப்படித்தானா? என்னிடம் இவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இது உங்கள் கைக்கு வரும்போது வியாழக்கிழமை போயிருக்கும். அந்தப் பெண்ணிடம், ஓம், எல்லாம் உண்மை என்று சொல்லத்தான் நினைக்கிறேன். போன் அடிக்கும்போது எனக்கு என்ன வாய்க்குள் வருமோ தெரியாது.

பிள்ளையார் உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். எனக்காக ஒன்று செய்யுங்கள். தம்பியைக் கூப்பிட்டு, என்னை அப்படிச் சொல்லச் சொன்னது நீங்கள்தான் என்று சொல்லுங்கள். உங்களோடு அவர் கோபிக்க மாட்டார். பிறகு போனை வைத்துவிடாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். வேறொருவர் எழுதித் தராமல், தன் வாயாலேயே உங்களுக்கு ஏதாவது சொல்லக்கூடும்.

உங்கள் மச்சாள்,
சிவநேசம்