மிராசுதாருக்குப் போட்ட இலை

அன்புள்ள உங்களுக்கு,

ஜெயிலில் தரும் கஞ்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் இன்று காலை தீபாவளி மாதிரி இட்லி அவித்தேன். நாம் அறுப்பை நிறுத்திப் பன்னிரண்டு நாளாகிறது. கூலி பேச மிராசுதாரே நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

வந்தவருக்கு இலை போட்டேன். "வீட்டுல சாப்பிட்டுட்டேன்" என்றார்.

"அப்ப கூலியையும் உங்க வீட்டுலயே பேசிக்குங்க" என்றேன்.

பக்கத்து வீட்டு அம்சம் சிரித்துவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு உட்கார்ந்தார். நம் தெருவில் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷர், மூன்று இட்லி சாப்பிட்டார். கூலியைக் கூட்டவும் ஒத்துக்கொண்டார்.

உங்கள் மேல் அவர் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கச் சொன்னதற்கு மட்டும், யோசித்து நாளைக் காலை வந்து சொல்வதாக எழுந்துவிட்டார்.

வரட்டும். உளுந்து ஊறப் போட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி