அப்பா பாஸ் போட்ட கடற்கரை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பேரப்பிள்ளை வாலுவும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எங்கள் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, அப்பாவின் முழங்கால் வழக்கம்போல முனகுகிறது, என் சர்க்கரை இப்போதைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் "ஒண்ணுமில்லப்பா, சாப்டியா" என்று பேச்சை மாற்றிவிடுவேன், மூன்று வருடமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். "யோசிச்சுப் பாத்தோம்மா, இந்தத் தடவை வேண்டாம், அப்பாவ நம்பி வாலுவக் கடல் பக்கம் கூட்டிட்டு வர எனக்கு மனசு வரல" என்று எழுதியிருந்தாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நாலு வயதுப் பிள்ளை அலையோடு போய், தூண்டில் போட்டுக்கொண்டிருந்த யாரோ ஒரு புண்ணியவான் குதித்துத் தூக்கி வந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்ததைப் பெற்றவன் எப்படி மறப்பான். அந்தச் செய்தியை நான் இன்னும் அப்பாவிடம் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று மூன்று தடவை போனைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன், மூன்று தடவையும் "என்ன, சர்க்கர மாத்திரையா, போட்டுட்டேன்னு சொன்னியே" என்று அவர் கேட்க, ஆமாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் வருவதாகச் சொன்ன அன்றைக்கே அப்பா இந்தக் கடலோர வீட்டை ஒரு மாதத்துக்கு வாடகைக்குப் பிடித்துவிட்டார். நீங்கள் இருக்கப்போவது கடைசிப் பத்து நாள், அதற்கு முன்னால் இருபது நாள் எதற்கு என்று கேட்டேன், "கடற்கரைய பாத்து வைக்க வேண்டாமா" என்றார். மாட்டுப் பண்ணைப் பாதை முடிகிற இடத்தில் ஒற்றை வீடு, இரண்டு அறை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் புல்வெளி, அதற்கு அப்பால் ஒரு விரல் அகலத்துக்குக் கடல். பஸ் காலையில் ஒன்று மாலையில் ஒன்று. வீட்டுக்கார அம்மா சுற்றுவட்டாரத்தில் இருக்கிற ஐந்து கடற்கரைகளையும் ஒரு தாளில் வரைந்து குளிர்பெட்டி மேல் ஒட்டி வைத்திருந்தார், எல்லாமே அழகுதான், எதற்கு வேண்டுமானாலும் போங்கள் என்று. பாவம், வந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடம் லிப்ட் இன்ஸ்பெக்டராக இருந்த மனுஷர், தான் கையெழுத்துப் போடாத லிப்டில் என்னைக்கூட ஏற விடாமல் ஏழு மாடி நடக்க வைத்தவர், கடலை மட்டும் சும்மா விடுவாரா. மறுநாளே நோட்டு, கயிறு, அளவு நாடா எல்லாம் பையில் ஏறிவிட்டது.

வீட்டுக்குக் கீழே இருக்கிற முதல் கடற்கரைக்கு அறுபத்திரண்டு படி, அதில் நாற்பதாவது படியில் கைப்பிடி ஆடுகிறது என்று பெயில். இரண்டாவது கூழாங்கல் கரை, தண்ணீர் அப்படியே கண்ணாடி, எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. இவர் கயிற்றில் கல்லைக் கட்டி எறிந்து பார்த்து, நாலு எட்டில் ஆள் முழுகுகிற பள்ளம் என்று அதையும் பெயிலாக்கினார். மூன்றாவது எல்லாரும் போகிற அகலமான மணல் கரை, ஐஸ்கிரீம் வண்டி, கொடி, உயரமான நாற்காலியில் காவல்காரப் பையன் எல்லாம் உண்டு. அந்தப் பையனைக் காலையிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்துவிட்டு, அவன் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனதும் "அப்ப இந்த ஒரு மணி நேரம் யாரு பாக்கறது" என்று சண்டைக்குப் போய்விட்டார். நான்காவது ஆறு கலக்கிற இடம், மேலே அமைதி, அடியில் இழுப்பு. வந்து பத்து நாளாகிறது, கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் இன்னும் கால் நனைக்கவில்லை. எனக்கும் நனைக்கத் தைரியம் இல்லை, ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

இன்று காலை பண்ணைக்குப் பின்னால் இருக்கிற ஐந்தாவதற்குப் போனோம். அழகு என்று சொல்ல அங்கே எதுவும் கிடையாது, சேற்று மணல், சாண வாடை, வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் நின்று எங்களையே பார்க்கின்றன. ஆனால் தண்ணீர் நூறு அடி தூரத்துக்கு முழங்காலைத் தாண்டவில்லை. அந்த வலிக்கிற காலோடு அப்பா இறங்கி, முன்னும் பின்னும் குறுக்கும் நெடுக்கும் இரண்டு மணி நேரம் நடந்தார், கிளிஞ்சல் கீறி இரண்டு பாதத்திலும் ரத்தம். வெளியே வந்து நோட்டை எடுத்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, "இது பாஸ்" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாகிறது தெரியுமா. "ஆழம் ஆரம்பிக்கற இடத்துல நான் நின்னுக்கறேன், வாலு இந்தப் பக்கம் விளையாடட்டும், நம்ம பையன் கரையில உக்காந்து பாத்துக்கட்டும், எங்கிட்ட பேசணும்னுகூட இல்ல" என்றார். உன் செய்தி இருக்கிற போன் என் பையில் இருந்தது. நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன், எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அவர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

இதற்கு மேலும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷி இல்லை. கண்ணா, அன்றைக்கு வாலுவின் கையைப் பிடித்திருந்தது அப்பா இல்லை. நான். நீயும் மருமகளும் காரிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தீர்கள், அப்பா மேலே கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். அலை வந்து என் ஒரு செருப்பை இழுத்தது, பழைய செருப்பு, குனிந்து அதைப் பிடிக்க வாலுவின் கையை விட்டேன். நிமிர்ந்தால் குழந்தை இல்லை. எனக்குக் கத்தக்கூட வாய் வரவில்லை, மேலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்தவர் அப்பாதான், நீச்சல் தெரியாத மனுஷர் கழுத்தளவு தண்ணீரில் போய் நின்று கத்தினார், அவர் கத்தியதைக் கேட்டுத்தான் அந்தத் தூண்டில்காரர் குதித்தார். நீ ஓடிவந்தபோது சொட்டச் சொட்ட நின்றுகொண்டு "நான்தான் கைய விட்டுட்டேன்" என்று அப்பா சொன்னார், நான் பக்கத்தில் அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "எம்மேல கோவம்னா உங்கிட்டயாவது பேசுவான், உம்மேலயும் வந்துட்டா நமக்கு யாரு இருக்கா, விடு" என்றார். விட்டுவிட்டேன். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குப் போன் பண்ணுகிறாய், மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாய், அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தே நீ நலம் என்று தெரிந்துகொள்கிறார். அந்த அரை மணி நேரத்தை இழக்கப் பயந்து மூன்று வருடம் அவரை விற்றுவிட்டேன். பெற்ற தாய் இப்படி இருப்பாளா என்று நீ கேட்டால் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நீ வருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை, இந்தக் காகிதம் எல்லாவற்றையும் சரியாக்கும் என்ற ஆசையும் எனக்கு விட்டுப்போய்விட்டது. உனக்கு இனி என்னோடும் பேசப் பிடிக்காமல் போகலாம், அது நியாயம். நாளைக் காலை பஸ்ஸில் போய் நானே தபாலில் சேர்த்துவிடுகிறேன், ஐந்து நாளில் கிடைக்கும் என்கிறார்கள், அப்போதும் உங்கள் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும். இப்படி எழுதியிருக்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரியாது, தெரிந்தால் கிழித்துப் போடுவார். மருமகளுக்கு இருமல் என்றாயே, குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொல். வாலுவின் தலையை இரண்டு கையாலும் தடவிக் கொடுத்ததாக நினைத்துக்கொள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நல்லா இருங்கள்.

ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் இனி நான் எடுக்க மாட்டேன். அப்பா எடுப்பார்.

இப்படிக்கு,
கையை விட்ட உன் அம்மா