சம்பந்தி வராத ஞாயிறு

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், இல்லாவிட்டாலும் பதிலில் சுகம் என்றுதான் எழுதப் போகிறாய். இங்கே அம்மாவின் முழங்காலும் என் படகின் எஞ்சினும் மழைக்கு முன்னாலேயே முனக ஆரம்பித்துவிடுகின்றன, மற்றபடி சுகம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். அம்மாவுக்குக் காது மந்தமானதும் போனின் சத்தத்தைக் கூட்டி வைத்தோமே, அது அப்படியே சிக்கிக்கொண்டது, அந்தப் பக்கம் பேசுவது தெருமுனை வரை கேட்கிறது. போன மாதம் நீ உன் மாமியாரைப் பற்றிச் சொன்னதை டீக்கடைக்காரர்தான் எனக்கு விளக்கமாகச் சொன்னார். அதனால் கடிதம்.

சின்னவள் உன்னிடம், உன் வீட்டில் தங்கிப் படிக்க வரவில்லை, எனக்கென்று வாங்கிப் போட்ட கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்றாளே, அதற்குக் காரணம் கேட்டுக் குதித்தாய். காரணத்துக்கு வயது பத்தொன்பது. கோடைக்கு மேட்டு வீட்டில் வந்து இறங்கியிருக்கிறான். அப்பாவுக்குக் கண்ணாடித் தொழிற்சாலைகள், அம்மா வேறொருவரோடு வேறு நாட்டில். இவன் முதலில் காலேஜை விட்டான், பிறகு காரைக் கொண்டுபோய்ச் சுவரில் விட்டான், கடைசியில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டான். கடல் காற்று நல்லது என்று யாரோ டாக்டர் சொன்னாராம், ஒரு சமையல்காரரோடு இந்தத் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த வேகத்தில் செல்போனைக் கடலில் எறிந்தான், ஏன்டா என்றால், அதுல யாரும் கூப்பிடலை என்றான்.

தொடங்கியதே ஓர் அசட்டுத்தனத்தில். படகு கிளம்பினால் துறையில் நிற்கிற எல்லோரும் கையாட்டுவது நம் வழக்கம், உள்ளே யார் என்று பார்ப்பதில்லை, ஆடு ஏற்றிப் போனாலும் ஆட்டுவோம். இவன் ஊர் பிடிக்கவில்லை என்று என் படகில் ஏறிவிட்டான். எனக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு நின்ற சின்னவள் எப்போதும் போல் கையாட்டினாள், தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான். அக்கரையில் இறங்கவே இல்லை. அதே படகில் திரும்பி வந்து, எதுக்குக் கூப்பிட்டே என்று அவளிடம் கேட்டிருக்கிறான். இல்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பாவமா இருந்துச்சு, சும்மாதான்னு சொன்னேன் என்கிறாள். உன் தங்கை சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். இங்கே யாரும் பொய் சொல்லிப் பழகவில்லை, காலையில் சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பிடிபட்டுவிடும். அதனால்தான் அவன் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பினாள், அவள் மட்டுமா, நாங்களும்தான்.

கோடை முழுக்க இருவரும் துறைக் கல்லில் உட்கார்ந்து பேசினார்கள், ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, காலண்டரைப் பார்க்கிற மாதிரி. நம் வீட்டில் சாப்பிட ஆரம்பித்தான், முதலில் கோழி கொறிப்பது போல, பிறகு அம்மா அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். நல்ல பையன்தான். ஆனால் டீக்கடைக்காரர் ஒருநாள் உங்க அப்பா எப்ப வர்றார் என்று யதார்த்தமாகக் கேட்டதற்குக் கையிலிருந்த டம்ளரைச் சுவரில் அடித்தான், பிறகு அவனே குனிந்து சில்லு பொறுக்கினான். அப்புறம்தான் சின்னவளிடம், நீ படிக்கப் போயிட்டா நான் உயிரோட இருக்க மாட்டேன் என்றிருக்கிறான். இவளும் உடனே, சரி போகலை என்றுவிட்டாள். எனக்கு அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல் ஆத்திரம், தள்ளினால் எங்கே போய் விழுவானோ என்று பயம். அம்மாதான், எதுவா இருந்தாலும் பெரியவங்க வந்து பேசட்டும் என்றாள். ஞாயித்துக்கிழமை அப்பா வர்றார் என்றான் அவன், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படகு ஓட்டினேன், எஞ்சின் எண்ணெய்க்கு வெள்ளை என்றால் தனிப் பிரியம். முதல் நடையில் யாரும் இல்லை. அடுத்த நடையில் கோட்டு போட்டு, தோல் பையோடு ஒருவர் ஏறினார். என் துண்டால் பலகையைத் துடைத்து உட்கார வைத்தேன், காசு வாங்க மறுத்தேன், கையைப் பிடித்து இறக்கினேன். துறையில் பையன் இஸ்திரி போட்ட சட்டையும் வாரிய தலையுமாக நின்றான். ஒன்றும் சொல்லாமல் அவர் பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான், அப்பா மேல் என்ன மரியாதை என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. வீட்டில் அம்மா நாற்காலி போட்டுப் பலகாரத் தட்டை நீட்டினாள், சம்பந்தி சங்கோஜப்படாமச் சாப்பிடுங்க என்று வேறு சொன்னாள். அவரும் சங்கோஜப்படவில்லை. இரண்டாவது தட்டும் முடிந்த பிறகு, உங்களுக்கு இவன் ஒரே பையனா என்று கேட்டாள். எனக்குப் பையனே இல்லீங்க, ரெண்டும் பொண்ணு, ஆமா தண்ணி மீட்டர் எங்க இருக்கு என்றார்.

அம்மா பழக்கத்தில் மூன்றாவது தட்டையும் நீட்டிவிட்டாள். சின்னவள்தான் அவனிடம் மெதுவாக, உங்கப்பா எங்கே என்றாள். நான் கூப்பிடவே இல்லை, பேசியே ரெண்டு வருஷமாச்சு என்றான். அப்ப எதுக்கு நல்ல சட்டை போட்டுட்டு ஒவ்வொரு படகுக்கும் நின்னே என்று கேட்டாள். ஒருவேளை வந்துட்டா என்றான்.

அவள் அழவில்லை. போனைத் தூக்கி அவன் மடியில் வைத்து, இப்பக் கூப்பிடு என்றாள். பாதியில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து நம்பரைச் சுழற்றினான். யாரு என்றது குரல், நான்தாம்பா என்றான். எவ்வளவு வேணும் என்றார் அவர். நம் போன் இருக்கிற லட்சணத்துக்குத் தெருவே கேட்டது. மீட்டர்காரர் வாயில் வைத்த பலகாரத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார். ஒண்ணும் வேணாம்பா, சாப்பிட்டீங்களா என்றான் பையன். அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. பிறகு, இது எந்த நம்பர், அப்புறம் பேசறேன் என்றார். இவன் நம் நம்பரை நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொன்னான். அந்த மனுஷரை நான் மனதுக்குள் என்னவெல்லாம் சொல்லித் திட்டினேன் என்பதை மகளுக்கு எழுத முடியாது.

மறுநாள் சின்னவள் எங்களிடம், நான் படிக்கப் போறேன் என்றாள். அவனுக்கு வேண்டியது அவங்க அப்பா, நான் எத்தனை நாள் அவருக்குப் பதிலா உக்காந்திருக்க முடியும் என்றாள். அதையே அவனிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு நான் அவனைத் தனியே விடவில்லை, எஞ்சினைத் துடைக்கச் சொன்னேன், துடைத்ததையே துடைத்தான். சமையல்காரரிடம் சொல்லி டாக்டரையும் வரவழைத்தேன், மறுபடியும் வருகிறேன் என்றிருக்கிறார். சாயங்காலம் பையனே, அவ போகட்டும் அங்கிள் என்றான்.

வெள்ளிக்கிழமை அவள் வருகிறாள், கட்டிலைக் கொடுத்துத் தொலைத்துவிடாதே. அவனைப் பற்றி நீயாகக் கேட்காதே, அழுதால் அழவிடு. ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள், யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பக் கூடாது என்பதையும் ஒருமுறை சொல்லு, நாங்கள் சொல்லித்தர மறந்துவிட்டோம். மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசிகள், ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது வேறு குரல் கேட்டால் தப்பான நம்பர் என்று வைத்துவிடாதே. இப்போதெல்லாம் மணி அடித்தால் ஓடிப்போய் எடுப்பது அவன்தான். நீ என்று தெரிந்ததும் அவன் குரல் கொஞ்சம் இறங்கும், அதைக் கவனிக்காதது போல அவனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அப்புறம் அம்மாவிடம் கொடுக்கச் சொல்.

உங்கள் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா