எண்ணூற்றுப் பன்னிரண்டு தடவை

அன்பு மகன் லமார்கஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் தங்கை டெஸ்ஸாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் சுகமும் உன் வலது முழங்காலின் சுகமும் அறிய ஆவல். நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம். மூன்றாவது அணியும் உன்னை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது எனக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டரின் மனைவி "உங்க பையனுக்காக ஜெபிக்கிறோம்மா" என்று கையைப் பிடித்தபோதுதான் தெரிந்தது. பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும், போகட்டும்.

நம் தெருக்கோடி ஷவோண்டாவின் மகன் கேய்டன் இப்போது பள்ளி ஃபுட்பால் அணியில் உன்னைப் போலவே பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுகிறவன், உன்னைவிட வேகம் என்று ஊரே பேசுகிறது. போன வியாழக்கிழமை உன் கல்லூரியிலிருந்து அதே கோச் ப்ரெவிட் கேய்டனைத் தன் அணிக்குக் கேட்டு அவர்கள் வீட்டுக்கு வந்தார். கோச் வந்தால் ஏற்கெனவே பிள்ளையை அனுப்பிய தாய் ஒருத்தி பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம்தானே, ஷவோண்டா என்னைக் கூப்பிட்டாள், போனேன். மனுஷன் நம் வீட்டில் சாப்பிட்ட மாதிரியே வறுத்த கோழியில் நாலு துண்டு தின்று விரலைச் சப்பிவிட்டு, "கேய்டன் எனக்குப் பிள்ளை மாதிரி, முதல் வருஷத்துலேர்ந்தே பந்து அவன் கையிலதான், லமார்கஸோட இருபத்திரண்டாம் நம்பரையே அவனுக்குத் தர்றேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பூரித்துப்போக வேண்டுமாம்.

பாத்திரம் கழுவும் சாக்கில் ஷவோண்டாவைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "பந்து குடுக்கிறாங்கன்னு குதிக்காத, எத்தனை தடவை குடுக்கிறாங்கன்னு பாரு. நாலு வருஷத்துல என் பையனுக்கு எண்ணூத்திப் பன்னிரண்டு தடவை குடுத்தாங்க, ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு தடியனுங்க அவன் மேல விழுந்தானுங்க. காசுக்கு ஆடுற பெரிய லீக்குக்குப் போறப்போ கால்ல மிச்சம் என்ன இருந்துச்சு? ரெண்டு வருஷத்துல முப்பத்தொன்பது தடவைதான் ஓடினான். ரெண்டு மூணு பேருக்குப் பந்தைப் பிரிச்சுக் குடுக்கிற காலேஜாப் பாரு" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க பையன் ஜெயிக்கலைன்னா என் பையனும் ஜெயிக்கக் கூடாதா மிஸ் எர்லீன்? பொறாமையில பேசாதீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நேற்று கேய்டன் ப்ரெவிட்டின் கல்லூரிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை லமார்கஸ், ஏனென்றால் அது என் வார்த்தைதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே ப்ரெவிட் நம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது என் பக்கத்தில் மிஸ் ஓப்பல் இருந்தாள், அவள் மகன் அதே கல்லூரிக்கு ஓடிவிட்டு முப்பது வயதில் கைத்தடியோடு நடப்பவன். "வேற காலேஜ் பாரு எர்லீன், இவங்க உன் பிள்ளையைச் சக்கையாப் பிழிஞ்சுட்டுத்தான் விடுவாங்க" என்று நம் சமையலறையில் நின்று சொன்னாள். அவள் படியிறங்குவதற்குள் நான் "பொறாமை பிடிச்சவ" என்று உரக்கச் சொன்னேன், அவள் காதிலும் விழுந்திருக்கும். நீ சிரிக்கவில்லை. "அந்தச் சின்ன காலேஜும் நல்லாத்தாம்மா இருக்கு, அங்க நாலு பேர் மாத்தி மாத்தி ஓடுறாங்க" என்றாய். நான்தான், "பயந்தாங்கொள்ளி மாதிரிப் பேசாத, டிவியில வர்ற காலேஜை விட்டுட்டு எங்க போறே" என்று சத்தம் போட்டேன். அன்றிரவே நீ கையெழுத்துப் போட்டாய்.

முழங்காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதே. வேறு அணி ஏதாவது கூப்பிட்டால், என் போனை எடுக்காத மாதிரியே அவர்கள் போனையும் எடுக்காதே. உன் அறை அப்படியே இருக்கிறது, வீட்டுக்கு வா. கர்த்தர் உன்னை நடத்துவாராக, உன் கால்களைக் காப்பாராக.

அன்று உன் கையில் பேனாவைத் திணித்த,
அம்மா எர்லீன்