ஐந்நூற்று எழுபது சொற்களும் ஒரு சனிக்கிழமையும்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று பத்துச் சொற்கள். மொத்தம் ஐந்நூற்று எழுபது. முந்நூற்றுப் பன்னிரண்டு முடிந்தது. முடிந்தது என்றால், மறப்பதற்குத் தயார் என்று அர்த்தம்.

படிக்கும் இடம் குளியலறை. எட்டுப் பேர் இருக்கும் இந்த வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை அதுதான். குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து 'சப்ஸ்டான்ஷியல், சப்ஸ்டான்ஷியல்' என்று முணுமுணுத்தால் வெளியே மாமியார் குரல்: "உள்ள யார்கூடடி பேசற?"

ஆங்கிலத் தேர்வில் கேட்டல், பேசுதல், எழுதுதல் மூன்றும் தேறியாகிவிட்டது. வாசிப்பில் மட்டும் ஆறரை. ஏழு வேண்டும். ஜூன் பத்தாம் தேதி மற்ற மூன்று மதிப்பெண்களும் காலாவதி. அதற்குள் வாசிப்பு வராவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். வந்துவிட்டால் வெளிநாட்டில் நர்ஸ் வேலை, கூடவே தங்க இரண்டு அறை. அவர், மகள், நான். எங்கள் கதவை நாங்களே சாத்திக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய ஆசை எனக்கு இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

வேலை செய்யும் அறைக்கும் ஜன்னல் கிடையாது. மருத்துவமனையின் அடித்தளம். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, ஆட்டோகிளேவில் நீராவியில் வேகவைத்து மேலே அனுப்புவது எங்கள் பிரிவு. நோயாளியைத் தொட்டு ஆறு வருடம் ஆகிறது. நாங்கள் மூன்று பேர்: பெரிய சிஸ்டர், நான், போன வருடம் சேர்ந்த சின்னப் பெண். எந்த நேரமும் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்பது விதி.

ஒரு சுற்று வேக நாற்பது நிமிடம். தேதி எழுதிக் கட்டுகளுக்கு ஒட்டும் டேப்பில் மிஞ்சியதைக் கிழித்து, சுற்றுக்கு ஐந்து சொல் எழுதிக் கையுறைப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொள்கிறேன். பதினோரு வருட நர்ஸ் வேலையில் ஒருவர்கூட என்னிடம் 'சப்ஸ்டான்ஷியல்' என்று சொன்னதில்லை. "ரத்தம் நிறையப் போகுது, ஓடி வா" என்பார்கள். ஓடுவோம். பயிற்சித்தாளில் இன்று தேனீயைப் பற்றி நாலு பக்கம். இவ்வளவும் படித்துவிட்டுத் தேனீக்கா ஊசி போடப் போகிறேன்?

பிப்ரவரி 11, செவ்வாய்

அவமானமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் மேலே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன். "சிஸ்டர், இந்தக் கட்டு மேல தேதியக் காணோம். நெவர்தலெஸ்னு எழுதியிருக்கு. அது எப்போ வருது?"

என் கையெழுத்து. தேதி எழுதிய டேப்புக்குப் பதில் சொல் எழுதிய டேப்பை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். தேதி இல்லாத கட்டை டாக்டர் தொட மாட்டார். மறுபடி கட்டி, மறுபடி வேகவைத்து - ஒன்றரை மணி நேரம். வெறும் வயிற்றோடு படுத்திருந்த பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க மேலே போனேன். "கத்தி இன்னும் வேகலையாம்மா?" என்று சிரித்தார். திட்டியிருக்கலாம் அவர்.

பிப்ரவரி 12, புதன்

பெரிய சிஸ்டர் அந்த டேப்பை மேஜையில் ஒட்டி வைத்திருந்தார்.

"இதை வெச்சு ஒரு வாக்கியம் சொல்லு."

சொன்னேன். தலையாட்டினார். பிறகு மெமோவைக் கொடுத்தார்.

பிப்ரவரி 20, வியாழன்

தேர்வு மார்ச் 1, சனிக்கிழமை. பெரிய சிஸ்டரிடம் விடுப்புக் கேட்டேன்.

"அன்னிக்கு எனக்குத் தலைமை அலுவலகத்துல கூட்டம். நீயும் போயிட்டா யார் பார்க்கறது? மெமோ வாங்கி பத்து நாள் ஆகல, லீவ் வேற."

அவருக்கென்ன, ஊர்க் கூட்டத்துக்கெல்லாம் போவார். நான் இங்கேயே வெந்து சாகணும். கத்திரிக்கோலுக்காவது நாற்பது நிமிஷத்துல கதவைத் திறக்கிறாங்க.

பிப்ரவரி 28, வெள்ளி

மாமியாரைக் கொன்றுவிட்டேன்.

"விடியற்காலைல தவறிட்டாங்க சிஸ்டர்" என்று போனில் சொன்னேன். பெரிய சிஸ்டர், "சரி, போ. வார்டுலேர்ந்து ஒரு ஆளைக் கேட்டுப் பார்க்கறேன்" என்றார்.

செத்தவர் அடுத்த அறையில் என் மகளிடம் தன் நாத்தனாரைப் பற்றிப் புறம் பேசிக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல் மாலையில் போய்க் கால் பிடித்துவிட்டேன். "என்னடி திடீர்னு பாசம் பொங்குது? என்ன உடைச்சே?" என்றார்.

மார்ச் 1, சனி

தேர்வுக்கூடத்தில் இரண்டு வரிசை முன்னால் ஒரு கொண்டை. ஆறு வருடமாகப் பின்னாலிருந்தே பார்க்கும் கொண்டை. எனக்குத் தெரியாதா?

முதல் பத்தியை மூன்று தடவை படித்தேன். சொல் ஒவ்வொன்றும் தெரிந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் பெரிய சிஸ்டர் கேட்டில் நின்றிருந்தார். ஓடவா முடியும்?

"மாமியார் எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சிஸ்டர்."

"கூட்டம் எப்படிப் போச்சுன்னு நீ கேட்கவேயில்லையே."

எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். எட்டாவது தடவையாம். ஒவ்வொரு தடவையும் அரை மதிப்பெண் குறையுமாம். புருஷனுக்குக்கூடத் தெரியாதாம். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பாதி டீயில் எனக்கு உறைத்தது.

"சிஸ்டர், அப்போ அங்க யார் இருக்கா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

மார்ச் 3, திங்கள்

வார்டிலிருந்து யாரும் வரவில்லை. சின்னப் பெண் நாள் முழுக்கத் தனியாக நின்றிருக்கிறாள். மேலேயிருந்து போன் மேல் போன் வந்ததும் பயந்துபோய், உலரும் முன்பே கதவைத் திறந்துவிட்டாள். கட்டெல்லாம் ஈரம். ஈரமானால் கிருமி ஏறிவிடும், ஒன்றும் உதவாது. இரண்டு ஆபரேஷன் தள்ளிப்போனது. ஒன்று நான்கு வயதுக் குழந்தைக்கு. காலையிலிருந்து பட்டினி போட்டு, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மெமோ அவளுக்கு. பெரிய சிஸ்டர் கையால் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இரண்டு பேரும் நின்றோம். "எங்க தப்புதான்" என்று ஒரு வார்த்தை வரவில்லை. முந்நூறு, நானூறு வார்த்தை படித்து என்ன?

அழுகை நின்ற பிறகு அவள்தான் என்னிடம் வந்து கேட்டாள்: "காரியமெல்லாம் முடிஞ்சுதா சிஸ்டர்?"

மார்ச் 14, வெள்ளி

எனக்கு ஆறரை.

பெரிய சிஸ்டருக்கு ஏழு. போனைக் காட்டினார், என் முகத்தைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிட்டார். வாழ்த்துச் சொன்னேன். பொறாமையில் வயிறு எரிந்தது. எரியவில்லை என்று இங்கேயும் பொய் எழுதவா?

மார்ச் 15, சனி

சொல் எதுவும் படிக்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

பெரிய சிஸ்டருக்கு இன்று கடைசி நாள். "உன் பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்" என்று சாவிக்கொத்தையும் பணிப்பட்டியலையும் கையில் வைத்தார். நாளையிலிருந்து நான்தான் பொறுப்பு. மூன்றாவது ஆளாகப் புதிதாக ஓர் அம்மா வந்திருக்கிறார்; ஆட்டோகிளேவைப் பார்த்தாலே கையைக் கட்டிக்கொள்கிறார்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "வந்த பதவியை ஏன் விடணும்? பரீட்சையையும் எழுது, இதையும் பாரு" என்றார் என் வீட்டுக்காரர். சாவிக்கொத்து இடுப்பில் கனக்கிறது.

மே 24, சனிக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். காலாவதிக்கு முன்னால் அதுதான் கடைசித் தேர்வு. ஐந்நூற்று எழுபதும் இரண்டாம் சுற்று முடிந்தது.

மே 20, செவ்வாய்

சின்னப் பெண் இருபத்துநாலாம் தேதி விடுப்புக் கேட்டாள்.

"எதுக்கு?"

"ஒரு பரீட்சை, சிஸ்டர்."

என்ன பரீட்சை என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மூன்று பேரில் ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும்.

"உனக்கு வயசு இருக்கு. அடுத்த மாசம் எழுதலாமே" என்றேன். சரி சிஸ்டர் என்று போய்விட்டாள். பட்டியலில் என் பெயருக்கு நேரே 'தலைமை அலுவலகக் கூட்டம்' என்று எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதினேன். எனக்கு அடுத்த மாதம் இல்லை.

மே 23, வெள்ளி

மூன்று மணிக்கு வந்து நின்றாள். கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்திருந்தாள். நான் அன்று போனிலேயே முடித்துக்கொண்டேன், இவ்வளவு மெனக்கெடவில்லை.

"எங்க சித்தப்பா தவறிட்டார், சிஸ்டர்."

"எப்போ?"

"விடியற்காலைல."

எல்லோரும் விடியற்காலையில்தான் சாகிறார்கள், அதுவும் வெள்ளிக்கிழமை. பொய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வேன்? தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இப்படியா, ஒரு எழுத்துக்கூட மாறாமல்?

ஒருவேளை நிஜமாகவே செத்திருந்தால்? அந்தச் சந்தேகம் ஒன்று போதும், கை தானாகப் பேனாவை எடுத்தது. கையெழுத்துப் போட்டேன்.

மே 24, சனி

ஆறு மணிக்கே தேர்வுக்குக் கிளம்பினேன். பேருந்து நிறுத்தம்வரை போனேன். அந்தப் பக்கம் தேர்வுக்கூடம், இந்தப் பக்கம் மருத்துவமனை. புதிய அம்மாவைத் தனியாக விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குழந்தை எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தது என்பதும் தெரியும். இரண்டு பேருந்துகளை விட்டேன். மூன்றாவது இந்தப் பக்கம் வந்தது, ஏறிவிட்டேன்.

என்னை யாரும் நல்லவள் என்று சொல்ல வேண்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் மேல், பெரிய சிஸ்டர் மேல், அதைவிட என் மேல்.

பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியிருக்கும். நான் முதல் சுற்றுக்குக் கதவைச் சாத்தினேன். புதிய அம்மா என்ன செய்யட்டும் என்று கேட்டார். டேப்பில் தேதி எழுதக் கற்றுக்கொடுத்தேன். பதினொரு மணிக்கு, விடைத்தாளை வாங்கும் நேரத்துக்கு, கட்டுகளை வெளியே எடுத்தோம். எல்லாம் நன்றாக உலர்ந்திருந்தன.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தேர்வு எப்படி என்று அவர் கேட்டதற்கு, பரவாயில்லை என்றேன்.

திங்கட்கிழமை அவள் வருவாள். சித்தப்பாவுக்காக நான் துக்கம் விசாரிக்க வேண்டும்.