பேருக்குச் சொந்தக்காரி

என்னங்க,

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்கு வீட்டுத் தரகர் வருவார். வாடகைக்கு விட்டிருந்த வீடு காலியாகிவிட்டதே, அதன் சாவியைக் கேட்பார். ஆணியில் தேடாதீர்கள், சாவி என்னிடம் இருக்கிறது.

வரி குறையும் என்று அந்த வீட்டை என் பெயரில் வாங்கினீர்கள். ஒன்பது வருடமாக வாடகை உங்கள் கைக்குப் போனது, குழாய் ஒழுகினால் மட்டும் போன் எனக்கு வந்தது. போன வாரம், வாடகையை மறைத்ததாக வரி நோட்டீஸும் எனக்கே வந்தது. கேட்டதற்கு, உங்கள் அக்கா முன்னால், "நீ பேருக்குத்தான் சொந்தக்காரி. பேசாம பதில்ல கையெழுத்தப் போடு" என்றீர்கள்.

நேற்று நானே ஆடிட்டரைப் போய்ப் பார்த்தேன். "மறுபடியும் வாடகைக்குத்தானே விடப்போறீங்க?" என்று கேட்டார்.

"இல்ல சார், சொந்தக்காரியே குடிபோறா" என்றேன். அப்படியானால் இனி வாடகைக்கு வரி இல்லையாம்.

தரகரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பி.கு.: நோட்டீஸ் பிரிட்ஜ்மேல் இருக்கிறது. வாடகை வாங்கியவரே பதில் எழுதட்டும்.

இன்னொன்று. இங்கே சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. இது உங்கள் பெயரில் இருக்கிற வீடு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.