அன்னத்தின் அலகில் அரளி

பெரிய காஞ்சிபுரம்,
வைகாசி, 1969

அன்புள்ள அத்தானுக்கு அம்சவேணி எழுதுவது. பிலாய் வெயிலில் உங்கள் உடம்பு சுகமாக இருக்கவேண்டும். இங்கே நம் குழந்தை காந்தா பிழைத்திருக்கிறாள். ஏன் இந்தச் சொல்லை எழுதுகிறேன் என்று உங்களுக்குப் புரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கடிதம் வந்து வெகுநாளாகிறது. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. கோயில் திருவிழாவில் நம் அன்னப் பல்லக்கு பிரமாதம் என்று அண்ணன் எழுதினாராம், உங்களுக்கு ரொம்பப் பெருமையாம். குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டதாம். ஆனால் அடுத்த வருஷமும் நம் குடும்பத்து உபயத்துக்குப் பல்லக்கு ஜோடிக்க நான் வேண்டும் என்று அண்ணன் கேட்பதால், நாங்கள் இங்கேயே இருக்கவேண்டுமாம். காந்தாவைப் பற்றி, சேட்டை செய்கிறாளா என்று ஒரே ஒரு வரி. அப்போதுதான் தெரிந்தது, உங்கள் அண்ணன் எதை எழுதவில்லை என்று.

அந்த அன்னத்தை நான்தான் செய்தேன். மூங்கில் பிளாச்சை ஊறவைத்து, தணலில் காட்டிக் காட்டிக் கழுத்தை வளைத்தேன். உடம்புக்கு வைக்கோல் அடைத்து, மேலே வாழைப்பட்டை சுற்றி, தறியில் மிஞ்சிய பாவு நூலால் இறுக்கினேன். இறகெல்லாம் தென்னங்குருத்து. கழுத்துக்கும் மார்புக்கும் சம்பங்கியை ஈர்க்கில் குத்திச் செருகினேன். அலகுக்கு மட்டும் சிவப்பு வேண்டும், கோழிக்கொண்டைப் பூ வாங்கி வாருங்கள் என்றேன். உங்கள் அண்ணன் செவ்வரளியைக் கூடையோடு கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார். தவழ்கிற குழந்தை இருக்கிற வீடு, அரளி விஷம் மாமா, காலேஜில் படித்திருக்கிறேன் என்றேன். "கேட்டியா கமலாட்சி, சாமிக்குப் போடற பூ விஷமாம்! அப்ப சாமி எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கணுமே" என்று சிரித்தார். கமலாட்சி அக்காவும் அவரோடு சேர்ந்து சிரித்தார்.

நான் அலகு கட்டும்போது குழந்தை அக்காவிடம்தான் இருந்தாள். திரும்பிப் பார்த்தால் வாயெல்லாம் சிவப்பு இதழ். அக்கா அதைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். "பல்லு மொளைக்குது, மென்னுக்கினு இருக்குது. சாமிப் பூ ஒண்ணும் பண்ணாதும்மா. என்னாத்துக்கு இம்மாம் கத்தறே?" என்றார். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். அதற்குள் பாதி உள்ளே போயிருந்தது. கட்டிய பூ வாடிவிடும் என்று யாரும் கூட வரவில்லை. ரிக்ஷாவில் தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். நாடி விழுந்து விழுந்து எழுந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் மாலை வீட்டுக்குத் திரும்பும்போது எங்கள் ரிக்ஷாவை ஓரங்கட்டச் சொன்னார்கள். பல்லக்கு வருகிறதாம். தலையில் பரிவட்டத்தோடு உங்கள் அண்ணன் முன்னால் நடந்து வந்தார். "உமாபதி கைவண்ணம்டா! கழுத்தைப் பாரு, இப்பத் திரும்பிப் பாக்கும் போல இருக்குது" என்று உங்கள் அண்ணனைக் காட்டி யாரோ சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்தார், தோளில் கிடந்த குழந்தையையும் பார்த்தார். பிறகு மேளக்காரரை நடக்கச் சொன்னார். தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. என் கை எழவில்லை.

"பொழச்சிக்கிச்சில்ல, அப்புறம் என்ன? தம்பிக்கு நானே பக்குவமா எழுதிக்கிறேன், நீ எழுதி பயமுறுத்தாதே" என்று அன்று ராத்திரி உங்கள் அண்ணன் சொன்னார். நம்பினேன். அவர் பக்குவமாகத்தான் எழுதியிருக்கிறார், அன்னத்தைப் பற்றி. அடுத்த வருஷத்துக்கு மயில் வேண்டுமாம், மூங்கிலுக்கும் சொல்லிவைத்துவிட்டார். இந்த வீட்டில் நான் இனி ஒரு ஈர்க்குச்சியைக்கூட வளைக்கப் போவதில்லை.

என் அப்பா ரயிலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். பௌர்ணமி கழிந்த வெள்ளிக்கிழமை நானும் காந்தாவும் பிலாய் வந்து இறங்குவோம். அண்ணனைக் கேட்டுப் பதில் எழுதவேண்டாம், பதிலே வேண்டாம். அம்மன் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். ஸ்டேஷனுக்கு மட்டும் வந்துவிடுங்கள். எனக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. காந்தாவுக்கு உங்கள் முகம் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள்
அம்சவேணி